மிச்சக் காற்று

ஆபரேஷன் தியேட்டரில் அவருக்கு வைத்திருந்த பெயர் பலூன் டாக்டர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், தெரிந்து உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வயிற்றைக் கிழிக்காமல் மூன்று சின்னத் துளைகள் போட்டு, அதில் குழாய்களைச் செருகி, கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, கேமராவில் பார்த்துக்கொண்டே உள்ளே வேலையை முடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முடித்த பிறகு அந்தக் காற்றை வெளியேற்றுவதில்தான் அவருக்கு நிகர் கிடையாது.

மற்றவர்கள் குழாயை உருவுவார்கள், தையல் போடுவார்கள், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மிச்சக் காற்று ஈரலுக்கு மேலே போய்ப் பதுங்கிக்கொள்ளும். கண் விழித்த நோயாளி, தோள்பட்டை பிய்ந்து போகிற மாதிரி வலிக்கிறது என்று கத்துவான். வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று வீட்டு மனிதர்கள் சண்டைக்கு வருவார்கள். பலூன் டாக்டர் அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கமாட்டார். கடைசிக் குழாயை உருவியதும் வலது உள்ளங்கையை வயிற்றின் மேல் அகல விரித்து வைப்பார். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மச்சானைப் பார்த்து, "குடு மாப்ளே" என்பார். மச்சான் மூச்சுப் பையைப் பிழிந்து நோயாளிக்கு ஒரு பெருமூச்சு கொடுப்பான். அதே நொடியில் இவர் அமுக்குவார். துளை வழியாகப் புஸ்ஸென்று காற்று வெளியேறும், வயிறு படிந்துவிடும். அவருடைய நோயாளிகள் மறுநாளே தோளைக் குலுக்கிக்கொண்டு நடமாடுவார்கள்.

மச்சான் என்றால் அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். வாய் சும்மா இருக்காது. "தூங்க வைக்கிறது நான், எழுப்புறது நான். நடுவுல கொஞ்ச நேரம் நோண்டுற எங்க அத்தானுக்குத்தான் பேரு" என்று நர்சுகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பான். கொஞ்ச காலமாக அந்தச் சிரிப்பு குறைந்துபோயிருந்தது. அவனுக்கு ஒரே பெண் குழந்தை. அதற்கு ரத்தத்தில் புற்று. வேறொரு ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையுமாகப் பல வாரம் கிடந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டு வருவதுதான் மச்சானின் தகப்பன் வேலையாக இருந்தது. மருந்து வேலை செய்தது. ஆனால் உடம்பிலிருந்த எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அது துடைத்து எடுத்துவிட்டது. சாதாரண ஜலதோஷம்கூடக் குழந்தையைக் கொண்டுபோய்விடலாம் என்று அங்கே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

போதாக்குறைக்கு அந்த வருஷம் ஊரெங்கும் ஒரு புதுக் காய்ச்சல். மூச்சில் பரவும், எச்சிலில் பரவும், கண்ணில் தெறித்தாலும் பரவும் என்றார்கள். வயிற்றுக்குள் இருக்கும் கிருமி, சுடும்போது எழும் புகையோடும் ஏற்றிய காற்றோடும் கலந்து வெளியே வந்து, சுற்றி நிற்பவர்களைப் பிடிக்குமா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் நிச்சயமான பதில் இல்லை. பிடிக்கலாம் என்றார்கள் சிலர். பிடித்ததாகத் தெரியவில்லை என்றார்கள் சிலர். தெரியாத விஷயத்தில் அடக்கமாக இருப்பதுதான் நல்லது என்று ஆஸ்பத்திரி ஒரு விதி போட்டது. காய்ச்சல்காரருக்கு ஆபரேஷன் செய்தால் துளி காற்றும் அறைக்குள் விடக் கூடாது, எல்லாவற்றையும் வடிகட்டி வழியாகவே உறிஞ்ச வேண்டும். அதையும் மீறி யார் முகத்திலாவது பட்டுவிட்டால் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அறையில் போய் அடைந்துகொள்ள வேண்டும்.

இந்த நிலைமையில்தான் ஒரு பஸ் டிரைவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குடல்வால் வீங்கி வெடிக்கிற பதத்தில் இருந்தது. பரிசோதித்ததில் புதுக் காய்ச்சலும் இருந்தது. மயக்க மருந்து டாக்டர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது மச்சான்தான். அவன் முடியாது என்று சொல்லியிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். பலூன் டாக்டர் தாமே போய்க் கேட்டார். அக்கா புருஷன் வந்து கேட்டால் எப்படி மறுப்பது?

"அத்தான், வயித்தத் திறந்தே பண்ணிடுங்களேன்" என்றான் மச்சான், கை கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டு. "காத்தும் வேணாம், குழாயும் வேணாம்."

"திறந்து பண்ணினா மட்டும் புகை வராதா? சுட்டா வரத்தான் செய்யும்."

"வரும். ஆனா அழுத்தத்தோட வராது. உங்க பலூன் புட்டுக்கிச்சுன்னா எங்க மூஞ்சிலதான் அடிக்கும்."

"எங்கிட்ட எப்படா புட்டுக்கிச்சு?"

வழக்கமாக இந்த இடத்தில் மச்சான் ஏதாவது நக்கல் அடிப்பான். இன்றைக்குச் சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுவிக் கழுவி அவன் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "இன்னிக்குச் சாயங்காலம் பாப்பா வீட்டுக்கு வருது அத்தான்" என்றான்.

"தெரியும்டா. உங்க அக்கா காலையில இருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கா."

பலூன் டாக்டர் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து வெகுநாளாகிவிட்டது. இப்போது செய்தால் கை தடுமாறும். இளசுகள் பார்ப்பார்கள், வெளியே போய்ப் பேசுவார்கள். காய்ச்சல்காரர்களுக்கும் துளை போட்டே செய்யலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் மேசையைத் தட்டி வாதாடியவரும் அவர்தான். இதையெல்லாம் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? டிரைவர் சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும் பாவம், துளைதான் அவனுக்கு நல்லது என்றார். அதுவும் பொய்யில்லை.

மச்சான் கடைசியில் இறங்கிவந்தான். ஆனால் சில விஷயங்களைக் கறாராகச் சொன்னான். காற்றைக் குறைவாக ஏற்ற வேண்டும். குழாயின் பக்கவாட்டுத் திருகைத் திறந்து புகையை வெளியே விடும் பழக்கம் கூடவே கூடாது. முடிந்ததும் வடிகட்டி வழியாகக் காற்று முழுவதையும் உறிஞ்சிவிட்டுத்தான் குழாய்களைத் தொட வேண்டும்.

"அப்புறம் இன்னொண்ணு. இன்னிக்கு அமுக்குற வேலை கிடையாது. நானும் பெருமூச்சு குடுக்கமாட்டேன். அந்தாளுக்குத் தோள் வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும், மாத்திரை குடுத்துக்கலாம்."

"சரிடா."

"சும்மா சரின்னா ஆச்சா? சத்தியமா சொல்லுங்க."

"சத்தியமா மாப்ளே. போதுமா?"

போதும் என்று அவன் தலையை ஆட்டினான். பலூன் டாக்டர் அந்தச் சத்தியத்தை மனசாரத்தான் செய்தார். அதில் கள்ளம் எதுவும் இல்லை.

தியேட்டருக்குள் குளிர்சாதனத்தை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே மொத்தமே மூன்று பேர்தான். டாக்டர், மச்சான், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் பெரிய சிஸ்டர். உடம்பு முழுக்க மூடிய அங்கி, இரட்டைக் கையுறை, மூக்கை நசுக்கும் முகக்கவசம், அதற்கு மேலே முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகடு. ஆளுக்கொரு அடுப்பில் வேகிற மாதிரி இருந்தது. கேமராவையும் டாக்டரே ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியும் வேலை அழகாக நடந்தது. குடல்வால் கருத்துப்போய், தொட்டால் உடைகிற நிலையில் இருந்தது. அவர் அதை உடையாமல் பிரித்து, அடியில் கட்டி, சுட்டு, சின்னப் பைக்குள் போட்டுப் பத்திரமாக எடுத்துவிட்டார். எழுந்த புகையை உறிஞ்சு குழாய் இழுத்துக்கொண்டு போனது. திரையில் ஒரு மங்கல்கூட இல்லை.

"சொன்ன மாதிரியே காத்தையும் உறிஞ்சுடறேன் மாப்ளே, பாத்துக்க" என்று குரல் கொடுத்தார்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

உப்பியிருந்த வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. சிஸ்டர் தையல் ஊசியை எடுத்து வைத்தாள். எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிதான் வினையாகப் போயிற்று. டிரைவரை எழுப்புவதற்காக மச்சான் எழுந்தான். நோயாளியின் முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே கட்டியிருந்த துணித் திரையை அவிழ்க்க வேண்டும், மருந்தை அளந்து ஏற்ற வேண்டும். வேர்வையில் அவனுடைய கண்ணாடித் தகடு பனி மூடிய மாதிரி மங்கிக் கிடந்தது. ஊசிக்குழலின் கோடு தெரியவில்லை. ஒரே ஒரு நிமிஷம்தானே என்று தகட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, குனிந்து, திரையை அவிழ்த்துக்கொண்டே கோட்டைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் பலூன் டாக்டர் கடைசிக் குழாயை உருவினார். உருவியதும் அவருடைய வலது உள்ளங்கை விரிந்து வயிற்றின் மேல் போய் உட்கார்ந்து அமுக்கியது.

அவர் நினைத்துச் செய்யவில்லை. படி இறங்கும்போது கால் எந்தப் படியில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டா இறங்குகிறது? எத்தனையோ வருஷமாகக் குழாயை உருவிய மறுநொடி அமுக்கிய கை, இன்றைக்கும் அமுக்கிவிட்டது. என்னதான் உறிஞ்சினாலும் மூலையில் கொஞ்சம் காற்று மிஞ்சத்தான் செய்யும். அது துளை வழியாகச் சீறிக்கொண்டு வந்தது. உறிஞ்சு குழாயின் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. கண்ணுக்கும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. துளையோரத்தில் ஒரு ரத்தக் குமிழி எழுந்து உடைந்தது, பாதி அவிழ்ந்திருந்த திரைத் துணியின் ஓரம் லேசாக ஆடியது. அந்த ஓரத்துக்கு நேர் பின்னால் மச்சானின் இரண்டு கண்கள், எந்த மறைப்பும் இல்லாமல், ஊசிக்குழலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினான். பிறகு தகட்டை இறக்கிவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

பலூன் டாக்டர் கையை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் பெரிய சிஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகட்டுக்குப் பின்னால் அவள் கண்கள் அவர் கைக்குப் போயின, மச்சானிடம் போயின, திரும்பி வந்தன. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் எதுவும் பாக்கல டாக்டர்."

அவர் ஒன்றும் கேட்கவே இல்லை. அவள் கருவிகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் வீடு இருக்கிறது, விடுதி அறையில் போய் அடைந்து கிடக்க அவளுக்கு மட்டும் ஆசையா என்ன? ஆனால் அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அப்போதே சொல்லியிருப்பார் என்று பின்னால் பல தடவை தமக்குத் தாமே சாதித்துக்கொண்டார். யார் கண்டது?

உடை மாற்றும் அறையில் மச்சானுக்குப் பழைய வாய் திரும்பியிருந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவன், பலூன் டாக்டரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க அத்தான். உள்ளுக்குள்ள பயந்துட்டேதான் இருந்தேன், உங்க கை சும்மா இருக்காதேன்னு."

"ம்."

"என்ன ம்? உங்கள முதல் தடவையா பாராட்டறேன், மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"களைப்பா இருக்குடா. வேகுது."

"வீட்டுக்குப் போய்ப் படுங்க. நான் பாப்பாவக் கூட்டிட்டு வரப் போறேன். வண்டி பூரா மருந்து போட்டுத் தொடைச்சு வெச்சிருக்கேன். எறும்பு ஏறினாலும் செத்துரும்." அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினான். கதவருகே நின்று திரும்பி, "அக்காவ வரச் சொல்லுங்க, ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போகட்டும்" என்றான்.

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். நில்லுடா, கடைசியில் அமுக்கிவிட்டேன், உன் கண்ணாடி மேலே இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? அவன் விடுதிக்குப் போவான். இத்தனை வாரம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கையசைத்துக்கொண்டிருந்தவன், குழந்தை வீட்டுக்கு வருகிற அன்றைக்கும் வெளியேதான் நிற்பான். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? காய்ச்சல்காரர்களுக்குத் துளை ஆபரேஷன் வேண்டாம் என்று மறுநாளே உத்தரவு வரும், கூட்டங்களில் அவரை எதிர்த்து வாதாடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மச்சான் ஆயுசுக்கும் சத்தியத்தைச் சொல்லிக் காட்டுவான். பலூன் டாக்டர் வாயைத் திறந்தார். "பாத்துப் போ" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் மனம் கணக்கப் பிள்ளையாக மாறிவிட்டது. காற்றில் பெரும்பகுதியை உறிஞ்சியாயிற்று, மிஞ்சியது கொஞ்சம்தான். மூக்கும் வாயும் மூடித்தானே இருந்தது. கண்ணில் பட்டதென்று என்ன நிச்சயம்? அப்படியே பட்டிருந்தாலும் கிருமி உடம்பில் ஊறி, அடுத்தவருக்குத் தொற்றுகிற அளவுக்குப் பெருக இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். ஆகவே இன்றைக்குக் குழந்தைக்கு ஆபத்தில்லை. நாளைக்கும் அநேகமாக இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். குழந்தையோடு ஒரு நாள் இருந்துவிட்டாவது போகட்டும். நினைக்க நினைக்க, தாம் மச்சானுக்கு ஏதோ நல்லது செய்வது போலவே அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. தப்புச் செய்த மனிதனுக்குச் சமாதானம் மட்டும் எங்கிருந்துதான் இத்தனை சரளமாக வருமோ!

காய்ச்சல் வந்ததிலிருந்து அவர் வீட்டில் முன்னறையில் தனியாகத்தான் படுத்துக்கொண்டிருந்தார். மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள்.

"தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்தேங்க. ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். பாப்பாவுக்குத் தலையில ஒரு முடி இல்ல. அப்பாவோட தியேட்டர் தொப்பிய மாட்டிக்கிட்டு, நான்தான் டாக்டர்னு என்ன அதட்டுது."

"ம்."

"அவன் கழுத்த விட்டு இறங்கவே மாட்டேங்குது. இத்தன நாள் ஏக்கம் இருக்குமில்ல. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அவன் மேலதான்."

"தூக்கமுமா?"

"பின்ன? அவன் நெஞ்சுல படுத்தாத்தான் தூங்குமாம். ஏன், என்ன ஆச்சு உங்களுக்கு? கொரலே சரியில்ல."

"ஒண்ணுமில்ல" என்றார். சொல்லிவிட்டுத் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. துளைக்கு எல்லாரையும்விடக் கிட்டத்தில் இருந்தவர் அவர்தான். தமக்கு ஒன்றும் வரவில்லையென்றால் மச்சானுக்கும் வராது. அவருடைய தகடு இறங்கியிருந்தது, மச்சானுடையது இறங்கவில்லை என்கிற சின்ன விஷயத்தை அந்த யோசனை சௌகரியமாகத் தாண்டிக்கொண்டு போனது. அதிலிருந்து எச்சிலை விழுங்குவதும், உறுத்துகிறதா என்று பார்ப்பதும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுமே வேலையாகிப் போனது. உறுத்தவில்லை என்றால் ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பு அடுத்த எச்சில் வரைக்கும் தாங்கும்.

மறுநாள் காய்ச்சல் வார்டுக்குப் போனார். பஸ் டிரைவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தாலும் தெளிவாக இருந்தார்.

"இருமல்தான் கொல்லுது டாக்டர். வயிறு பரவாயில்ல. பக்கத்துக் கட்டில்காரரு பயமுறுத்தினாரு, தோள்பட்ட வலி உயிர் போயிடும்னு. எனக்கு வலியே இல்லீங்க." கையைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார். "உங்க கைக்கு என்ன குடுத்தாலும் தகும்."

பலூன் டாக்டருக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்டு மகிழ்ந்திருப்பார்! இன்றைக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. வெளியே வந்து நேராக மச்சானுக்குப் போன் செய்தார். இரண்டு நாள் விடுப்பில் வீட்டிலிருந்தான். போனை எடுத்தது அவனில்லை.

"மாமா, நான் டாக்டர் பேசறேன். உங்களுக்கு என்ன வலி?"

குரலில் இன்னும் பலமில்லை, ஆனால் மிடுக்குக்குக் குறைச்சல் இல்லை. "அப்பா எங்கடா கண்ணு?" என்றார்.

"அப்பா நோயாளி. படுத்திருக்காரு. நான் ஊசி போட்டுட்டேன்." பின்னால் மச்சான் ஐயோ அம்மா என்று பொய்யாக அலறுவதும், குழந்தை சிரிப்பதும் கேட்டது. அந்தச் சிரிப்பு நிற்கட்டும், நின்றதும் சொல்லிவிடுகிறேன் என்று காத்திருந்தார். அது நிற்பதாக இல்லை. "அப்பாகிட்ட அப்புறம் பேசறேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு எச்சிலை விழுங்கிப் பார்த்தார். உறுத்தவில்லை.

வார்டு வாசலில் பெரிய சிஸ்டர் எதிர்ப்பட்டாள். அவரைப் பார்த்ததும் பக்கத்து அறைக்குள் நுழைந்துகொண்டாள். அந்த அறையில் அவளுக்கு எந்த வேலையும் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

அதற்கடுத்த நாளும் தொண்டை சுத்தமாகத்தான் இருந்தது. சுரம் இல்லை, உடம்பு வலி இல்லை. இரவு படுக்கும்போது, நாளை விடிந்தும் தமக்கு ஒன்றுமில்லை என்றால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். அந்த முடிவு வந்ததும் தூக்கமும் வந்தது. வெட்கமில்லாமல் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

காலையில் எழுந்தபோது அவருக்கு ஒன்றுமே இல்லை. சீட்டியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மச்சான் விடுப்பு முடிந்து வந்திருந்தான். கை கழுவும் தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவனின் தோளில் தட்டி, "என்னடா, டாக்டரம்மா உன்ன டிஸ்சார்ஜ் பண்ணிட்டாளா?" என்றார்.

மச்சான் சிரித்துக்கொண்டே திரும்பினான். அவனுடைய இடது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. இமை வீங்கி, ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

"கண்ணு..." என்றார் பலூன் டாக்டர்.

"தூக்கமில்ல அத்தான். பாப்பா ராத்திரி பூரா என் மூஞ்சியோட மூஞ்சிய ஒட்டிக்கிட்டுத்தான் படுக்குது. மூச்சு விட முடியல, அசைஞ்சா முழிச்சுக்குது. நேத்திலேருந்து கண்ணு ஒரே எரிச்சல்." புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு அத்தான், இப்படித் தூக்கம் கெட்டா ஆயுசு பூரா கெடலாம்."

அவனிடம் சந்தோஷம் பொங்கி வழிந்தது. பலூன் டாக்டர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் எச்சில் விழுங்கி விழுங்கிக் கட்டிய சமாதானமெல்லாம் அந்தச் சிவப்புக்கு முன்னால் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இனிமேல் சொல்லாமல் இருந்தால் அவர் மனிதனே இல்லை. அவருக்கே அது தெரிந்தது.

"மாப்ளே, அன்னிக்குக் கடைசியில நான் அமுக்கிட்டேன்."

"என்னது?"

"டிரைவருக்கு. குழாய எடுத்ததும் கை போயிடுச்சு. காத்து வந்துச்சு. நீ திரைய அவுத்துக்கிட்டிருந்த. உன் கண்ணாடி நெத்தி மேல இருந்துச்சு."

மச்சான் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அது போவதற்கு வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை மூடினான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அப்பவே."

"ரூம்ல உங்க கையப் பிடிச்சேனே, அப்ப?"

"தெரியும்."

"பாப்பா உங்ககிட்டப் போன்ல பேசிச்சே, அப்பவும்..."

"தெரியும்டா."

திட்டுவான் என்று எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். மச்சான் அவரை இரண்டடி பின்னால் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினான், ஒரு காய்ச்சல்காரன் ஆரோக்கியமானவனுக்குக் காட்டுகிற மாதிரி. பிறகு சுவரோரமாகப் போய் நின்று, போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான். அந்தத் தாழ்வாரத்தில் வேறு யாருமில்லை. மறுமுனையில் அவன் மனைவி பேசுவது பலூன் டாக்டருக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாப்பா எங்க?"

"தூங்குதுங்க. நீங்க கிளம்பினதுலேருந்து ஒரே அழுக. இப்பத்தான் உங்க தலகாணியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சிய அதுல புதைச்சுக்கிட்டுத் தூங்குது."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். சிவந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது அழுகையா நோயா என்று சொல்ல முடியவில்லை.

"எழுப்பு."

"ஏங்க? இப்பத்தான் கண்ணசந்துச்சு. எழுப்பினா அழும்."

"அழட்டும். அந்தத் தலகாணிய அதுகிட்டேருந்து பிடுங்கு. பிடுங்கிட்டு மூஞ்சிய நல்லாக் கழுவிவிடு. நான் இனிமே வீட்டுக்கு வரமாட்டேன்."

"என்னங்க சொல்றீங்க? என்ன ஆச்சு?"

"முதல்ல பிடுங்குன்னு சொல்றேன்ல!"

போனை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் குழந்தை வீரிட்டது. அப்பா வேணும், அப்பா வேணும் என்று அழுதது, அழுகைக்கு நடுவே இருமியது. அழுகிற குழந்தை இருமாதா என்று பலூன் டாக்டரின் மனம் உடனே ஒரு சமாதானத்தைத் தேடிக்கொண்டு கிளம்பியது. மச்சான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, குழந்தை மறுபடி இருமுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.